கால் பங்கு

தோருன் நகரம், ஜனவரி.
விஸ்வா ஆற்றில் பனிப்பாளங்கள்
ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகின்றன.
மலிவுச் சாப்பாட்டுக்கடை மூட இன்னும் நாற்பது நிமிடம்.
யாட்விகா மேசைமேல் க்ரோஷ் காசுகளை
வரிசையாக அடுக்குகிறாள்.
பீட்ரூட் சூப் ஆறிப் படலம் கட்டிவிட்டது
(சூப்புக்குப் பணம் கொடுத்தாளா, நினைவில்லை

நாளைக் காலை பத்தரைக்கு அவள் பேச வேண்டும்:
இரண்டு இயக்கங்கள், இரண்டும் ஒன்றேதான் என்று.

முதலில் பழைய கணக்கொன்று,
வெட்டுமுன் கத்தி தீட்டுவதுபோல.
இரு பக்கமும் முடிவற்ற ஒரு வரிசை.
நிற்பவர் ஒவ்வொருவரும் ஓர் அடைப்புக்குறி;
திறப்பதா மூடுவதா என்பது சுண்டிப்போட்டு முடிவானது.
ஒவ்வொரு கையிலும் ஒரு காசு, பூவோ தலையோ.
இது ஓர் உலகம்.
மற்றதில் திறப்பவர்க்கு வெறுங்கை,
மூடுபவரிடம் இரண்டு காசு.
பார்த்தால் அநியாயம்.
ஆனால் ஒவ்வொரு திறப்பும் தன் மூடலைத் தேடிப்போய்
காசை அதன் உள்ளங்கையில் வைத்துவிட்டால்
அந்த உலகம் இந்த உலகம்தான்.
திரும்பிவரவும் அதே வழி.
ஒரு குன்றிமணி கூடவில்லை, குறையவில்லை.
இணை கிடைக்காத ஒருவராவது நிற்கும் வரிசைகள்
இருக்கத்தான் இருக்கின்றன.
அத்தனையையும் அள்ளித் தட்டில் போட்டாலும்
தராசு முள் அசையாது.

வரிசைக்கு அது போதும்,
முன்னே பின்னே என்பதுதானே அங்கே நடை.
அவள் எடுத்துக்கொண்டதோ ஒரு குலம்.
பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குலமல்ல,
அசைவுகளின் குலம்; அசைத்ததை மீட்கவும் தெரிந்தது.
வடக்கே போய்க் கிழக்கே திரும்பினால் ஓரிடம்,
கிழக்கே போய் வடக்கே திரும்பினால் வேறிடம்.
பிரிந்த தெருக்கள் மறுபடி கூடாத ஊர்.
இரண்டு முகக் காசிலிருந்து அங்கே
நான்கு முகக் காசு பிறக்கும்;
என்ட்ரோபி கூச்சமில்லாமல் ஏறும்.

சரிபார்க்க வேண்டியது ஒன்றுதான்.
நகர்ந்துவிட்டுப் பெயர்த்தாலும்
பெயர்த்துவிட்டு நகர்ந்தாலும்
ஒரே புள்ளியில் வந்து நிற்க வேண்டும்.
வடக்குக்கு நிற்கிறது,
எட்டு மாதமாக நிற்கிறது.
கிழக்குக்கு

கிழக்கை இரெனெயுஷ் பார்த்திருப்பான் என்று அவள் இருந்தாள்.
அவள் பார்த்திருப்பாள் என்று அவன்.

வ்ரோத்ஸ்வாஃபில் அவன் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம்
தொலைபேசிக்குள் கடகடத்தது.
"எவ்வளவு இடத்தில் கெடுகிறது?"
"கால் பங்கு."
"பூச்சியம் என்றால் பெருக்கி வெளியே தள்ளலாம்."
"தெரியும், இரெக்."
"கால் பங்கை எங்கே தள்ளுவது?"
"தெரியும் என்றேனே."
இயந்திரம் நின்றது. அவன் தணிந்து கேட்டான்:
"அப்படியென்றால் இரண்டும் வேறு வேறா?"
அதைச் சொல்லவும் கையில் ஒன்றுமில்லை.
என்ட்ரோபி ஒன்று, நிறமாலை ஒன்று,
கேட்ட கேள்விக்கெல்லாம் இரண்டும்
பேசிவைத்ததுபோல் ஒரே பதில்.
விழுந்தது ஒரு பாலம்.
அதனால் அக்கரை இல்லை என்று ஆகிவிடாது;
இருக்கிறது என்றும் ஆகாது.

கெனோவெஃபா துடைப்புத்துணியோடு வந்தாள்,
முடிவற்ற வரிசையை ஒரு மூலைக்குத் தள்ளினாள்,
மேசையைத் துடைத்தாள்.
"வரும்போதே கொடுத்துவிட்டீர்கள்,
மீதியைத்தான் வாங்கவில்லை" என்று
இரண்டு காசை உள்ளங்கையில் வைத்தாள்)

பேச்சின் தலைப்பை மாற்ற நேரமில்லை.
கரும்பலகையில் கடைசியாக ஒரு கேள்விக்குறி
போட்டுக்கொள்ளலாம்.
நிறுத்தத்தில் பனி முழங்கால்வரை.
வீடு வடக்கே.
கிழக்கே போகும் டிராம் முதலில் வந்தது.
ஏறிக்கொண்டாள்.